நிறுவனம் நியமித்த பறவை

விதை வருவதற்கு முன்னால் போர்டு வந்தது. லாரியில் வந்தது. ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குத் தகரம். அதில் ‘சோள ரக ஒப்பாய்வு மற்றும் உயர்விளைச்சல் நிறுவனம், ஒப்பீட்டுத் திடல்’ என்று எழுதி, அதற்குக் கீழே இயக்குநரின் பட்டங்களை எழுதி, இடம் போதாமல் மிச்சப் பட்டங்களைத் தகரத்தின் பின்பக்கம் எழுதியிருந்தார்கள். குழி தோண்டி, சிமெண்ட் போட்டு, கம்பங்களை நட்டு நிறுத்தியதும் போர்டின் நிழல் வயலில் ஒரு மூலையை அப்படியே கபளீகரம் செய்தது. நிழலடியில் சோளம் வராதே என்று வயல்காரர் தலையைச் சொறிந்தார். போர்டு இல்லாமல் ஆராய்ச்சி செய்தால் அது ஆராய்ச்சி என்று யாருக்குத் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்கள். “சரிங்க” என்றார்.

அவருக்கு ஊரில் பெயரே ‘சரிங்க’தான். வாங்குகிறவன் சொன்ன விலைக்கும் சரிங்க, விற்கிறவன் சொன்ன விலைக்கும் சரிங்க. பல் வலிக்குப் போன இடத்தில் வலிக்காத பல்லைக் காட்டி இதைத்தான் பிடுங்க வேண்டும் என்றார்களாம், அதற்கும் சரிங்க. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். இப்படிப்பட்ட நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டுவது எவ்வளவு சிரமம் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்களுக்கு இருந்தது அந்த ஒரே வயல். அதில் வருஷா வருஷம் போடுவது நாட்டுச் சோளம். ஆளை விட உயரமாக வளரும், கதிர் கருஞ்சிவப்பாக இருக்கும், மணியின் தோல் கொஞ்சம் துவர்க்கும். அதைத்தான் அவர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டார்கள். அதன் தட்டையைத்தான் இரண்டு மாடுகளும் தின்றன. அடுத்த விதைப்புக்கான விதையைக் கதிர் கதிராகப் பொறுக்கி, ஒரு தகர டிரம்மில் போட்டு மூடி வைப்பது மனைவியின் வேலை. அந்த டிரம்மை வேறு யாரும் திறக்க அவள் விட்டதில்லை.

கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் அதைத் திறக்கச் சொன்னார்.

“உங்க நிலத்துல பாதி எங்க சோளம், பாதி உங்க சோளம். எது அதிகமா விளையுதுன்னு பாக்கப் போறோம். உரம், தண்ணி எல்லாம் எங்க பொறுப்பு. உங்க விதை மட்டும் மொத்தமா வேணும். பாதி விதைக்க, பாதி கண்ணாடி பாட்டில்ல போட்டுக் கண்காட்சிக்கு.”

“விளைஞ்சது யாருக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“உங்களுக்குத்தாம்மா. எடை போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடுவோம்.”

“எடை போடறதுக்கு எதுக்கு சார் அவ்வளவு பெரிய போர்டு?”

விஞ்ஞானி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கணவர் வழக்கம்போல ‘சரிங்க’ சொல்லிவிட்டார். டிரம் காலியானது. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அவள் ஊர் கேட்கிற மாதிரி வைத்தாள்.

நிறுவனத்தின் சோளத்துக்குப் பெயர் ‘முன்னேற்றம் ஏழு’. குட்டையான பயிர், சீக்கிரம் முற்றும், வெள்ளை வெளேரென்று மணி, கதிர் ஒவ்வொன்றும் முஷ்டி கனம் என்றார் விஞ்ஞானி.

“ஆறு வரைக்கும் என்ன ஆச்சு சார்?” என்றாள் அவள்.

“அதெல்லாம் முன்னோடிகள்மா.”

அவை எங்கே போயின என்று அவள் கேட்பதற்குள் அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

எந்தப் பாதியில் எந்தச் சோளம் என்பதை மனிதன் தீர்மானிக்கக் கூடாதாம். பாரபட்சம் வந்துவிடுமாம். அதனால் இயக்குநரே நேரில் வந்து நாணயம் சுண்டினார். பெரிய மனிதர், பெரிய கை. நாணயம் மேலே போன வேகத்தில் உழுத மண்ணில் எங்கேயோ விழுந்து புதைந்துவிட்டது. தலை விழுந்ததா பூ விழுந்ததா என்று தெரிந்தால்தானே மேலே நகர முடியும். நிறுவனமே மண்டி போட்டுத் தேடியது. விதைக்கத் தயாராக இருந்த வயலைப் பன்றி கிளறின மாதிரி கிளறிப் போட்டார்கள். கடைசியில் சரிங்க தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயம் எடுத்து நீட்டினார். தனியார் நாணயத்தில் முடிவெடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று இயக்குநர் மறுத்துவிட்டார். அலுவலகத்திலிருந்து வேறு நாணயம் வந்து சேருவதற்குள் மண்ணில் இருந்த ஈரம் போய்விட்டது. பிறகு கிழக்கே முன்னேற்றம், மேற்கே நாட்டுச் சோளம் என்று முடிவானது.

நடுவே ஒரு வரப்பு போட்டார்கள். அதற்கு நடுநிலை வரப்பு என்று பெயர். வயல்காரர் அதில்தான் நடக்க வேண்டும். ஒரு பக்கம் களை எடுத்தால் அதே அளவு நேரம் மறுபக்கமும் எடுக்க வேண்டும், களை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு நாள் மனைவி மேற்குப் பக்கம் நின்று பயிரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னம்மா பண்றீங்க? ஒரு ரகத்தை மட்டும் பாசமாப் பாத்தா முடிவே செல்லாது.”

“சரி சார். அதையும் பாசமாப் பாக்கறேன்” என்று அவள் கிழக்கே திரும்பி, மாமியாரைப் பார்க்கிற மருமகள் முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள். விஞ்ஞானி நிம்மதியானார்.

உண்மையைச் சொன்னால், சரிங்கவுக்கு அந்தக் குட்டைச் சோளத்தைப் பிடித்துத்தான் போயிருந்தது. வரிசை வரிசையாக, ஒன்று போல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றது. காற்றில் சாயவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லா வயலும் பச்சையாக நின்றபோது இது மட்டும் கதிர் தள்ளி, பால் பிடித்து, மணி கட்டிவிட்டது. கதிரும் விஞ்ஞானி சொன்ன கனம்தான், பொய்யில்லை. இது நன்றாக விளைந்தால் நாமும் போடலாமே என்று அவர் மனைவியிடம்கூட மெல்லச் சொல்லிப் பார்த்தார். “முதல்ல வீடு வந்து சேரட்டும்” என்றாள்.

நாட்டுச் சோளத்துக்கு அவசரமே கிடையாது. அது பாட்டுக்கு உயரமாக வளர்ந்துகொண்டே போனது. சாயங்காலம் அதன் நிழல் கிழக்கே விழுந்து முன்னேற்றத்தின் வெளிச்சத்தைத் திருடுகிறது என்று ஒரு குழு வந்து கண்டுபிடித்தது. உடனே நாட்டுச் சோளத்தைக் கயிறு போட்டு மேற்குப் பக்கம் சாய்த்துக் கட்டச் சொன்னார்கள். போர்டின் நிழலும் விழுகிறதே என்று சரிங்க காட்டினார். போர்டு ஒரு ரகம் அல்ல, அதனால் அதன் நிழல் கணக்கில் வராது என்றார்கள்.

முன்னேற்றம் கதிர் கட்டியதைக் கொண்டாட ஷாமியானா போட்டு விழா நடத்தினார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “இந்தச் சோளம் யாருக்காகவும் காத்திருக்காது! ஊர் தூங்கறப்பவே இது விளைஞ்சிடும்! முதல்ல பலன் அனுபவிக்கப் போறவங்க யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!”

யாரும் யோசிக்கவில்லை. குருவிகள் யோசித்திருந்தன.

மறுநாள் காலையில் வந்து இறங்கின. பச்சை வயல்களுக்கு நடுவே பால் மணியோடு நிற்கிற ஒரே இடம், துவர்ப்பு கிடையாது, குட்டைப் பயிர் என்பதால் எட்டவும் வசதி. சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்தன. சரிங்க பதறிப்போய்த் தகர டின்னை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் ஓடினார். படபடவென்று அடித்தார். குருவிகள் எழுந்தன. அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

“நிறுத்துங்க! ஒரு பக்கம் மட்டும் விரட்டறீங்களே, நியாயமா?”

“சார், குருவி தின்னுதுங்க.”

“விரட்ட வேண்டாம்னு யார் சொன்னா? தாராளமா விரட்டுங்க. ஆனா ரெண்டு பக்கமும் சமமா விரட்டணும்.”

“அந்தப் பக்கம் குருவியே இல்லீங்களே.”

“இல்லாதது குருவியோட விருப்பம். விரட்டறது நம்மளோட நடைமுறை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

“சரிங்க.”

அப்புறம் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கிழக்கே கொஞ்ச நேரம் டின் அடிப்பார். குருவிகள் எழுந்து போர்டின் மேல் உட்காரும். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேற்கே போவார். அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. இல்லாத குருவியை “ச்சூ, போ, போ” என்று மூச்சு வாங்க விரட்டுவார். அதற்குள் இருக்கிற குருவிகள் இறங்கி நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்துவிடும். அவருடைய நேரம் முடிவதை அவையும் பழகிக்கொண்டன. அவர் வரப்பைத் தாண்டுவதற்கு முன்பே எழுந்து போர்டுக்குப் போய்க் காத்திருக்கத் தொடங்கின. போர்டு அந்த ஒரு விஷயத்துக்கு நன்றாகப் பயன்பட்டது. இயக்குநரின் பட்டங்கள் முழுக்க எச்சம்.

சோளம் முற்றுவதற்கு முன்னால் முன்னேற்றத்தில் வெறும் உமி மட்டும் மிஞ்சியது. சரிங்க கதிர் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகாக வந்த பயிர்! ஒரு வாரம் ஒழுங்காக விரட்டியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நிறுவனத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார்கள். கணவன் மனைவி இருவரையும் வரச்சொல்லி, கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீள மேஜை, மேலே மின்விசிறி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டில் பிஸ்கட். சுவரில் முன்னேற்றம் ஏழின் பெரிய புகைப்படம். குருவி வருவதற்கு முந்தைய நாள் எடுத்தது. பிஸ்கட் தட்டு மேஜையைச் சுற்றி வந்து கதவோரம் வருவதற்குள் காலியாகிவிட்டது.

“கிழக்குப் பாதி விளைச்சல் பூஜ்யம் சார்” என்றார் விஞ்ஞானி, குரலே எழும்பாமல்.

புள்ளிவிவர அதிகாரிக்குக் கோபம் வந்தது. “பூஜ்யம்னு எப்படிய்யா சொல்ற? விளைஞ்சுது. நாம பாத்தோம். படம் இருக்கு. குருவி தின்னுதுன்னா விளைச்சல் குருவிகிட்ட இருக்குன்னு அர்த்தம். இருக்கிற இடம் மாறிடுச்சு, அவ்வளவுதான்.”

இயக்குநர் எழுந்தார். அவர் எழுந்தால் மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்பார்கள்.

“நண்பர்களே! நான் உணர்ச்சிவசப்படக் கூடாதுன்னு பாக்கறேன், முடியல. நம்ம ரகம் என்ன தப்பு பண்ணுச்சு? பசின்னு வந்த ஜீவனுக்கு அள்ளி அள்ளிக் குடுத்துச்சு. தனக்குன்னு ஒரு மணி வெச்சுக்கல. பக்கத்துல ஒருத்தர் நிக்கறார், நாட்டுச் சோளம். ஒரு குருவிக்கு ஒரு மணி குடுத்தாரா? தோலைக் கசப்பா வெச்சுக்கிட்டு, எட்டாத உயரத்துல கதிரை வெச்சுக்கிட்டு, தான் உண்டு தன் விளைச்சல் உண்டுன்னு நிக்கறார். இந்தச் சுயநலத்தோட அந்தத் தியாகத்தை ஒரே தராசுல வெக்கலாமா? மனசாட்சி உள்ளவங்க சொல்லுங்க. இந்த நிறுவனம் முடிவை எப்பவுமே மாத்தினது கிடையாது. முடிவு சரியா வர்ற வரைக்கும் சூழ்நிலையைத்தான் மாத்தியிருக்கோம்!”

கைதட்டினார்கள். சரிங்கவும் தட்டினார். மனைவி முறைத்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

புள்ளிவிவர அதிகாரி வழி கண்டுபிடித்தார். கிழக்கே பறவைகள் எவ்வளவு எடுத்தனவோ, அவ்வளவும் மேற்கிலும் எடுக்கப்பட வேண்டும். அதற்குப் பறவைச் சுமை சமன்பாடு என்று பெயர். பறவைகள் சொந்தமாக முன்வராததால் பறவைகளின் சார்பில் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம்.

“எடுத்தது போக மிச்சம் இருந்தா?” என்று விஞ்ஞானி கேட்டார்.

“மிச்சம் முழுசும் ஆய்வகத்துக்கு வரணும்” என்றார் இயக்குநர். “அரைச்சு மாவாக்கி, மாவை எரிச்சுச் சாம்பலாக்கி, சாம்பல்ல என்ன சத்து இருக்குன்னு பாப்போம்.”

சரிங்க நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “எடை போட்டுட்டுத் திருப்பித் தர்றதா சொன்னீங்களே சார். எங்களுக்கு வேற விதை இல்லீங்க. வருஷத்துக்குச் சாப்பாடும் அதுதாங்க.”

“திருப்பித் தருவோமே! சாம்பலைத் திருப்பித் தருவோம். நல்ல உரம்.”

‘சரிங்க’ என்ற சொல் தொண்டை வரை வந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அங்கேயே நின்றுவிட்டது. இருக்கிறதைக் குருவி பேரில் பாதி, சாம்பல் பேரில் பாதி என்று கொண்டுபோனால் வீட்டில் உலை வைக்க என்ன இருக்கிறது? மாடுகளை விற்பதா? விற்றாலும் நாட்டு விதைக்கு எங்கே போவது? அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒரு சந்தேகம்” என்றாள். “குருவி தின்னதை நீங்க எடை போடுவீங்களா?”

“எப்படிம்மா போட முடியும்?” என்று இயக்குநர் சிரித்தார். “அது குருவி வயித்துக்குள்ள போயிடுச்சு.”

“திருப்பிக் கேப்பீங்களா?”

“பறவை எடுத்தது பறவைக்கு. அதுல நிறுவனம் கை வெக்காது. அது எங்க கொள்கை.”

“அந்தப் பிரதிநிதி எடுத்தாலும் அதே கொள்கைதானே சார்?”

புள்ளிவிவர அதிகாரி குறுக்கே விழுந்தார். “அதேதான். பிரதிநிதி எடுத்ததை மட்டும் வாங்கி வெச்சா அது உண்மையான பறவை நிலைமை ஆகாது. ஒப்பீடே கெட்டுடும்.”

“கிழக்குப் பக்கம் எவ்வளவு சார் தின்னுச்சு?”

“முழுசும்.”

“அப்ப நானே பறவையா இருக்கேன் சார்” என்றாள்.

அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஏனென்றால் அந்தப் பதவிக்கு அங்கே யாரும் தயாராக இல்லை. விஞ்ஞானி பறவையானால் அடுத்த பதவி உயர்வில் சிக்கல் வரும். ஜீப் ஓட்டுநர் தன் சங்கத்தைக் கேட்க வேண்டும் என்றார். அன்று மாலைக்குள் அவளுக்குப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள்: ‘பறவை (தற்காலிகம்)’. ஓய்வூதியம் கிடையாது, முட்டையிட்டால் பேறுகால விடுப்பு கிடையாது என்று அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சரிங்க அந்த அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சிரிச்சீங்கன்னா கொத்திடுவேன்” என்றாள்.

ஆனால் ஒரு தலைவலி மிச்சமிருந்தது. நாட்டுச் சோளம் இன்னும் முற்றவில்லை. பால் மணியில் கதிரைப் பறித்தால் விதைக்கும் ஆகாது, சாப்பாட்டுக்கும் ஆகாது. மறுநாளே விஞ்ஞானி வந்து நின்றார்.

“ஆரம்பிக்கலாமாம்மா? மேல இருந்து கேக்கறாங்க.”

“பசி இல்லையே சார்.”

“என்னது?”

“பறவைக்குப் பசிச்சாத்தானே சார் கொத்தும்? நீங்க அந்தக் குருவிங்களுக்கு என்னிக்கு வரணும்னு உத்தரவு போட்டீங்களா?”

விஞ்ஞானி போய்ப் புள்ளிவிவர அதிகாரியைக் கேட்டார். பறவையின் வருகை இயற்கையாக, யாரும் தூண்டாமல் நடக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். பிறகு விஞ்ஞானி சில நாளுக்கு ஒரு முறை வாசலில் வந்து, உடம்புக்கு முடியாதவர்களை விசாரிப்பதுபோல, “பசி எடுத்துதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவளும் வயிற்றைத் தடவிப் பார்த்து, “இன்னும் இல்ல சார், ஒரே மந்தமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரிங்கவுக்கு ராத்திரித் தூக்கம் போனது. என்றைக்கு இயக்குநருக்குப் பொறுமை போய் ஆள் அனுப்பி அறுத்துவிடுவாரோ என்று ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்தார். அவள் தினமும் போய் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள். மாவாகக் கடிபட்டது. அப்புறம் கொஞ்சம் கெட்டியானது. ஒரு காலையில் பல்லில் ‘டக்’கென்று உடைந்தது.

“பசிக்குதுங்க” என்று வாசலில் நின்று கத்தினாள்.

விஞ்ஞானி தொலைநோக்கியோடு வந்து தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வந்தால் பறவை மிரளும் என்பது விதி. அரிவாளைப் பார்த்ததும் எழுந்தார். எந்தப் பறவையிடமும் அரிவாள் இல்லை என்றார். சரி என்று கையாலேயே கதிரை ஒடித்தாள். சரிங்க கூடவே சாக்கைப் பிடித்துக்கொண்டு போனார். இவர் யார் என்று விஞ்ஞானி கேட்டார். “ஜோடி” என்றாள். விஞ்ஞானி தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

கருஞ்சிவப்புக் கதிர்கள் சாக்குச் சாக்காக வீட்டுக்குப் போயின. அவள் ஒரு கதிரையும் விடவில்லை. நல்ல கதிர்களைத் தனியாகப் பொறுக்கி முதலில் டிரம்மில் போட்டு மூடினாள். மூடி இறுகியதும் அதன் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரிங்க என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

வெறும் தட்டை மட்டும் வயலில் நின்றது. அதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, தட்டை என்பது விளைச்சலின் இலக்கணத்தில் வராது, கண்ணில் படாமல் அப்புறப்படுத்துங்கள் என்று பதில் வந்தது. மாடுகள் அந்த வருஷம் முழுக்க அப்புறப்படுத்தின.

முடிவு அறிவிக்கும் விழாவில் இயக்குநரின் குரல் தழுதழுத்தது. “ரெண்டு ரகமும் சம விளைச்சல்! பூஜ்யத்துக்குப் பூஜ்யம்! ஆனா நல்லாக் கவனிங்க. நாட்டுச் சோளம் இந்தப் பூஜ்யத்தை எட்டறதுக்கு எவ்வளவு காலம் எடுத்துக்கிச்சு? நம்ம ரகம் அதே பூஜ்யத்தை எவ்வளவு சீக்கிரமா எட்டிச்சு! இதுக்குப் பேர்தான் முன்னேற்றம். அதோட, பறவைகளே தேர்ந்தெடுத்த ஒரே சோளம் இதுதான்!”

அந்தக் கடைசி வரியைச் சுவரொட்டியாக அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். இயக்குநர் பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குப் போனார். புள்ளிவிவர அதிகாரி கூடவே போனார். விஞ்ஞானியை மாற்றிவிட்டார்கள். சமன்பாடு பற்றித் தெரிந்த ஆள் ஒருவர்கூட அங்கே மிச்சமில்லை. அறிக்கை மட்டும் அலமாரியில் இருந்தது.

அடுத்த விதைப்புக் காலத்தில், மேற்கும் கிழக்குமாக வயல் முழுக்க நாட்டுச் சோளம் முளைவிட்டு நிற்கையில், ஒரு புது விஞ்ஞானி வந்து இறங்கினார். இளம் வயது. ஜீப்பில் வலை, கூண்டு, ஒலிப்பதிவுக் கருவி. ஒருவித பயபக்தியோடு சுற்றும் முற்றும் பார்த்தார்.

“இந்த வயல்லதானே அது வந்துச்சு?”

“எதுங்க?”

“அந்தப் பறவை. அறிக்கைல படிச்சேன். எங்கேயுமே பதிவாகாத இனம். நாட்டுச் சோளத்தை மட்டும்தான் தின்னும். மணி முத்தற வரைக்கும் பசியே எடுக்காதாம். ஒரே நாள்ல அரை வயலைக் காலி பண்ணியிருக்கு. ஜோடியோட வருமாம், ஆண் பறவை சாக்கு தூக்குமாம். எங்க துறைல எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசறாங்க. நீங்க அதைப் பாத்திருக்கீங்களா?”

சரிங்க பின்னால் திரும்பி வீட்டைப் பார்த்தார். “பாத்திருக்கேன். தினம் பாக்கறேன்.”

புது விஞ்ஞானி அவசரமாக நோட்டைத் திறந்தார். “ஆபத்தானதா?”

“அது நாம நடந்துக்கறதைப் பொறுத்துங்க.”

“அதோட சத்தம் எப்படி இருக்கும்?”

சரிங்க பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. “என்னங்க! அங்க யாரோட வெட்டிப் பேச்சு? மாடு கத்துது, காதுல விழலையா?” என்று வீட்டுக்குள்ளிருந்து வந்த குரலில் கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன.

“இப்படித்தாங்க இருக்கும்” என்றார்.

இளைஞர் அதை எழுதிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். புதுத் திட்டம் அனுமதியாகியிருக்கிறது. பறவையை ஆராய வேண்டும். அதற்கு இந்த வயல் மறுபடியும் வேண்டும். விதைத்தது போக வீட்டில் இருக்கிற நாட்டு விதை மொத்தமும் வேண்டும். போர்டு நாளைக்கே வந்துவிடும், போன தடவையை விடப் பெரியது.

“உங்களைப் பத்தி அறிக்கையிலேயே இருக்கு. எது சொன்னாலும் சரின்னு சொல்ற நல்ல மனுஷர்னு போட்டிருக்காங்க. ஒத்துக்குவீங்கதானே?”

வாய் திறந்தது. பழக்க தோஷத்தில் ‘ச’ என்கிற அளவுக்கு நாக்கு மடங்கியும் விட்டது. உள்ளே டிரம் மூடியின் மேல் ஏதோ பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது. சரிங்க நாக்கை நேராக்கிக்கொண்டார்.

“பறவையைக் கேட்டுத்தாங்க சொல்லணும்” என்றார்.